ஞாயிற்றுக்கிழமை சத்த நோட்டு

8 செப்டம்பர் 1968, ஞாயிறு

சரியாக எட்டு மணிக்கு வேட்டு. ஒன்றா இரண்டா, மூன்று! என் வீட்டுக்காரர் இன்னாசி கையிலிருந்த காபி பாதி அவர் வேட்டியிலும் மீதி கணக்குத் தேர்வுப் புத்தகத்திலும். பாவம் மனுஷன். இரண்டு தடவை தவறிய தேர்வு. டிசம்பரில் மூன்றாவது தடவை எழுதுகிறார். தேறினால்தான் கலெக்டர் ஆபீசில் அடுத்த நாற்காலி. வாரம் முழுக்க அங்கே ஃபைல் தூக்கிவிட்டு, படிக்கக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான்.

குடிவந்து மூன்று ஞாயிறு ஆகிறது. மூன்றிலும் இதே கூத்து. காலனிச் சுவருக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு மேடு. அங்கே ஜட்கா வண்டிக்காரர்கள் பந்தயம் விடுகிறார்கள். பதினெட்டு வருஷமாக விடுகிறார்களாம்!

மனை பார்க்க நான்கு தடவை வந்தோமே, யாருக்காவது தெரிந்ததா? நான்கு தடவையும் ஆபீஸ் நாள். பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து நின்று, "ஆகா, என்ன அமைதி" என்று வாயைப் பிளந்தோம். பதினோரு வீட்டுக்காரர்களும் சர்க்கார் உத்தியோகம், பதினோரு பேரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எவன் எழுந்து வந்து மனை பார்ப்பான்? இது எங்களை மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

10 செப்டம்பர், செவ்வாய்

சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். இன்னாசிதான் செயலாளர். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சத்தத்தைப் பற்றி மனு கொடுக்கப் போனபோது தாசில்தார் கேட்டாராம்: "சத்தம் சத்தம்னா எப்படிங்க? எத்தன நிமிஷம், என்ன சத்தம்? குறிச்சிக் குடுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெண்கள் பள்ளி டிரில் டீச்சர். ஸ்டாப் வாட்ச் என்னிடம்தானே இருக்கிறது!

14 செப்டம்பர், சனி

பள்ளி விளையாட்டுச் சாமான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாட்ச் வாங்கி வந்தேன். காரணம் என்ற இடத்தில் "சத்தம் அளக்க" என்று எழுதினேன். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஆறு மணிப் பூசை முடிந்து ஓட்டமாக வீடு. எட்டுக்குச் சுவரோரம் முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்தேன். இந்த டைரி வேறு, சத்தம் குறிக்கிற நோட்டு வேறு. அதில் அளந்தது மட்டும்தான்.

வேட்டு, மூன்று. அப்புறம் இரண்டிரண்டு வண்டியாக விடுகிறார்கள். புளியமரத்தில் கிளம்பி, பாழுங்கிணற்றைச் சுற்றி, மறுபடி புளியமரம். போக வர ஒரு மைல். வண்டிக்காரர் ஒரு கையில் லகானைப் பிடித்துக்கொண்டு மறு கையில் சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரக்கால்களுக்குள் விட்டுப் பிடிக்கிறார். கடகடகடகட! பல்லெல்லாம் கூசுகிற சத்தம். சக்கரம் வேகம் எடுக்க எடுக்க அது ஏறிக்கொண்டே போகிறது. கிணற்று வளைவில் ஒரு வண்டி ஒற்றைச் சக்கரத்தில் வந்தது, சத்தியமாக ஒற்றைச் சக்கரத்தில்! நான் முக்காலி மேலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்று நிமிஷம் இருபத்தாறு செகண்டு. சத்தத்தின் நேரத்தைத்தான் அளந்தேன். ஆனால் சத்தம் நிற்கிற இடமும் வண்டி நிற்கிற இடமும் ஒன்றாக இருந்தால் நான் என்ன செய்ய?

கடைசியில் ஒரு வண்டிக்காரர் சுவருக்குக் கீழே வந்து நின்றார். அப்துல் கனி. நரைத்த தாடி, காக்கி கோட்டு. "என்னம்மா எழுதுறீங்க?"

"உங்க சத்தத்தைத்தான்."

"அப்டியா? எம் பிஜிலி எத்தன நிமிசம்?"

சொன்னேன். வாயெல்லாம் பல்லாகப் போய்விட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் குதிரைக்கு யாரும் செகண்டு சொன்னதில்லையாம்.

16 செப்டம்பர், திங்கள்

மூன்று இருபத்தாறு. வகுப்பில் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லும்போது கூட அதுதான் வருகிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

சண்டை! பிஜிலியும் முனியப்பனின் சட்டைக்கார வெள்ளையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. (வெள்ளைக் குதிரை, மார்பில் மட்டும் பழுப்பு, அதனால் அந்தப் பெயர்.) முனியப்பன் பிக்கிலி மலைப் பக்கத்து ஆள், கோபக்காரர். "எங்குதிர மூக்குதான் முன்ன!" என்று குதிக்கிறார். ஜெயித்த குதிரைக்கு ஒரு சாமந்தி மாலை. அது வாரம் பூரா மாலையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும், ரயிலிலிருந்து இறங்குகிற ஜனம் அந்த வண்டியைத்தான் தேடி ஏறும். அதனால் மூக்கு பெரிய விஷயம்.

கும்பல் முழுக்கச் சுவரை நோக்கி வந்தது. நான் நோட்டை மூடிக்கொண்டேன். முனியப்பன் கை கூப்பினார்: "டீச்சரம்மா, வாட்ச்சு என்னா சொல்லுது? நீங்க சொன்னா கட்டுப்படறங்க."

நான் வாட்ச்சைப் பார்த்தேன். இரண்டு பேருமே பார்க்கிறார்கள். முதலில் வந்த பிஜிலி மூக்குக்குத்தான் அதை அமுக்கியிருந்தேன், சொல்லிவிட்டேன். முனியப்பன் ஒரு நிமிஷம் முறைத்தார், பிறகு மாலையை எடுத்துத் தானே பிஜிலி கழுத்தில் போட்டார்.

புகார் எழுத வந்தவளைப் பஞ்சாயத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்னாசியிடம் சொல்லவில்லை. அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தார்.

29 செப்டம்பர், ஞாயிறு

இன்று சுவரோரம் எனக்கு இடமே இல்லை! எதிர்வீட்டுச் சின்னம்மாள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மனுவில் மூன்றாவது கையெழுத்து அவளுடையது. "தலவலி, தூங்கவே முடியல" என்றவள். மடியில் வறுத்த வேர்க்கடலை வேறு. ஓவர்சியர் குடும்பம், மருந்தாளுநர் குடும்பம், எண்ணிப் பார்த்தால் முப்பத்திரண்டு பேர்.

நோட்டில் உள்ளபடி எழுதினேன். வேட்டு: 3. ஆரக்கால் சத்தம், ஓட்டத்துக்கு: சுமார் மூன்றரை நிமிஷம். சுவர் மேல் காலனிக்காரர் கூச்சல்: 11 நிமிஷம். கூச்சலில் நானும் உண்டு.

பொய் எழுத முடியுமா? பிஜிலி மூன்று பதினெட்டு!

2 அக்டோபர், புதன்

வீட்டில் சமாதானக் கூட்டம். இன்னாசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பந்தயம் விடட்டும், ஆனால் வேட்டு கூடாது, ஆரக்காலில் கம்பு விடக்கூடாது. கனி பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "சத்தமில்லாமயா..." என்றார். அப்புறம், "சரிங்க, பாத்துருவோம்."

6 அக்டோபர், ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வேட்டு இல்லை. கம்பு இல்லை. கனி பாய் "ஹை" என்றார். பிஜிலி நடந்தது. ஓடவில்லை, நடந்தது! ஸ்டேஷனிலிருந்து சவாரி ஏற்றிக்கொண்டு போகிற அதே நடை. பாதி வழியில் மேட்டை விட்டு இடப்பக்கம் இறங்கி, ரோட்டில் ஏறி, கனி பாய் எவ்வளவு இழுத்தும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுவிட்டதாம். நிதமும் அங்கேதானே சவாரி! முனியப்பன் குதிரை அதைவிட மோசம். கிணற்றடியில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தது, ஆள் இறங்கட்டும் என்று.

அந்தக் கடகடா கேட்டால்தான் அவற்றுக்குப் பந்தயம். இல்லாவிட்டால் வாடகை. சின்னம்மாள் நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டாள்.

இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப சத்தம் இல்லாம நடத்தவே முடியாதுன்னு அவங்களே நிரூபிச்சிட்டாங்க" என்றார். சட்டம் பேசுகிற முகம். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

9 அக்டோபர், புதன்

கனி பாய் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "ஐயாவுக்குப் பரிச்சைன்னு கேள்விப்பட்டோம். படிப்பு பெருசுங்க. டிசம்பர் பரிச்ச முடியற வரைக்கும் நாங்க வண்டி விடல. பேசி முடிவு பண்ணிட்டோம். அதுக்கப்புறம் எங்கள விட்ருங்க."

இன்னாசிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு, "மனுவை வாபஸ் வாங்கிடுங்க" என்றேன்.

"பரீட்சை முடியட்டும் சாலா."

27 அக்டோபர், ஞாயிறு

எட்டு மணி. ஒன்றுமில்லை. சின்னம்மாள் வந்து, "என்ன டீச்சர், இப்படி இருக்கு" என்றாள். "எப்படி இருக்கு?" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

24 நவம்பர், ஞாயிறு

சத்தமில்லாத ஏழாவது ஞாயிறு. இன்னாசி புத்தகத்தை விரித்துவைத்துக் கொல்லைப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இரண்டு மணி நேரமாகத் திரும்பவில்லை. நான் அளந்தேன்!

20 டிசம்பர், வெள்ளி

பரீட்சை போன வாரம் முடிந்தது. ரம்ஜான் பெருநாள் வாரம் என்று வண்டிக்காரர்கள் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். சக்கரங்களுக்குப் புது வர்ணமெல்லாம் அடித்துவிட்டார்கள்.

இன்று தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ். காலனி மனு மேல் விசாரணை முடியும்வரை மேட்டில் பந்தயம் கூடாது.

வாபஸ் வாங்கவில்லை! வாங்கவே இல்லை இந்த மனுஷன்!

பள்ளி கேட்டில் கனி பாய் நின்றுகொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்: "நாங்க வாக்கு குடுத்தோம், காப்பாத்துனோம். இல்லீங்களா டீச்சரம்மா?"

நான் டிரில் டீச்சர். தினமும் முந்நூறு பிள்ளைகளை நேராக நில் என்கிறவள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

21 டிசம்பர், சனி

இன்னாசியோடு பேசவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

இன்றும் இல்லை. அவரே வந்து, "மறந்து போச்சு"ங்கறார். மறந்து போச்சாம்! ஃபைல்ல ஒரு முற்றுப்புள்ளி விட்டாக் கண்டுபிடிக்கிற ஆளு.

9 மார்ச் 1969, ஞாயிறு

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலை, மேட்டிலேயே. தாசில்தாரே வருகிறார். என் நோட்டுதான் சாட்சி.

இன்னாசி சொன்னார்: "வேட்டு, ஆரக்கால் சத்தம், இதை மட்டும் தனியா நல்லாக் காப்பி எடு. சுவர், கூச்சல், செகண்டு, மூக்கு, இதெல்லாம் எதுக்கு?"

"முடியாது" என்றேன். ஓடுவது தலைமையாசிரியை மகளாகவே இருந்தாலும் வாட்ச் காட்டுகிற செகண்டைத்தான் நான் இதுவரை எழுதியிருக்கிறேன்.

"சரி, நானே எழுதறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

13 மார்ச், வியாழன்

காப்பி மேசை மேல் இருக்கிறது. எழுத்தென்றால் அவர் எழுத்துதான், முத்து கோத்த மாதிரி. ஒரு பொய் கூட இல்லை. விட்டதுதான் எல்லாம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் பதினோரு வீட்டுக்கும் முன்னால் அவர் மானம் போகும். போட்டால் அந்தப் பதினெட்டு வருஷம் என் கையெழுத்தில் முடியும். என்ன செய்யப்போகிறேன்? கர்த்தரே, தெரியவில்லை.

15 மார்ச், சனி

முடிவு வந்தது. இன்னாசி தேறவில்லை.

சாயங்காலம் வந்து சட்டை கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு கோபம் வைத்திருந்தேன், ஒன்றும் காணவில்லை. என் மனுஷன், அவ்வளவுதான் தோன்றியது.

அவரே பேசினார். "ஒம்பது ஞாயித்துக்கிழமை சாலா. ஒரு ஈ கூடப் பறக்கல. ஒம்பதும் கையில இருந்துச்சி."

"விடுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்கம்மா சொல்லும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அழுகையும் வந்தது.

16 மார்ச், ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்!

ஜீப் எட்டு மணிக்கு வந்தது. இந்தப் பக்கம் பதினோரு வீடு. அந்தப் பக்கம் பதினான்கு வண்டி, வர்ணம் அடித்த சக்கரத்தோடு. நடுவில் ஒரு மேசை. கனி பாய் என்னைப் பார்க்கவே இல்லை.

தாசில்தார், "அளவு குறிச்ச நோட்டு எங்க?" என்றார். இன்னாசி பையில் கை விட்டார். அந்த முத்து எழுத்துக் காப்பி வரப்போகிறது, நான் வாயைத் திறக்கத்தான் போகிறேன், எல்லார் முன்னாலும் புருஷனை மறுத்துப் பேசத்தான் போகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

வெளியே வந்தது என் நோட்டு! முனை மடங்கிய அட்டை. காப்பியைக் கொண்டு வரவே இல்லை. என் பக்கம் திரும்பாமல், "இதாங்க ஐயா அசல்" என்றார்.

தாசில்தார் சத்தமாகவே படித்தார். வேட்டு மூன்று. ஆரக்கால் இவ்வளவு. பிறகு நிறுத்தினார். "சுவர் மேல் காலனிக்காரர் கூச்சல், பதினோரு நிமிஷமா? இது யாருங்க?"

சின்னம்மாள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'கூச்சலில் நானும் உண்டு'... சாலம்மாள் யாரு?"

"நாந்தாங்க" என்று ஒரு அடி முன்னால் வந்தேன், டிரில்லில் வருகிற மாதிரி.

"நீங்கதானே மனுவுக்குச் சாட்சி?"

"ஆமாங்க ஐயா. வேட்டு கெட்ட சத்தங்க, கப்பெல்லாம் ஆடுது, அது வேணாம். ஆரக்கால் சத்தம் இல்லேன்னா குதிர ஆஸ்பத்திரிக்குப் போயிடுதுங்க. மத்த சத்தம் நாங்க போட்டது."

முதலில் சிரித்தது முனியப்பன். அப்புறம் இந்தப் பக்கம். தாசில்தார் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார்.

தீர்ப்பு: எட்டு முதல் ஒன்பதரை வரை. வேட்டு கிடையாது. பரீட்சை மாதத்தில் பந்தயம் கிடையாது. "வேட்டு இல்லாட்டி எதை வெச்சுங்க ஆரம்பிக்கறது?" என்று முனியப்பன் கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள். என் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்நேரமும் தொங்குவதுதான், யாரும் பார்த்ததில்லை. கனி பாய் இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"டீச்சரம்மா ஊதட்டுங்க" என்றார்.

ஊதினேன்! அங்கேயே, ஜீப் நிற்கும்போதே. பதினான்கு குதிரைக்கும் காது விறைத்தது.

23 மார்ச், ஞாயிறு

பிஜிலி மூன்று பன்னிரண்டு!!

14 ஜூன் 1970, ஞாயிறு

காலனிக்கு இரண்டாவது தெரு வந்துவிட்டது. புதிதாக ஒன்பது வீடு. இன்று பந்தயம் முடிந்து வந்தால் கூடத்தில் ஒரு புதுமுகம். தபால் ஆபீஸ் கிளார்க், மாது என்று பேராம். கையில் மடித்த காகிதம். செயலாளரைப் பார்க்க வந்தாராம்.

இன்னாசி காகிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவர் முகம் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு யாரோ ஒரு அம்மாள் காது கிழிய விசில் அடிப்பதால் புது வீட்டுக்காரர்கள் நிம்மதி இழந்து..."

"மனை பாக்க என்னைக்கி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"புதன்கிழமைங்க. ரெண்டு தடவையும் புதன்கிழமை. அவ்ளோ அமைதியா இருந்துச்சி. ஏங்க?"

"சும்மாத்தான்."

"இதுக்கு என்ன பண்ணணுங்க?" என்று இன்னாசியைக் கேட்டார்.

"எத்தனை நிமிஷம், என்ன சத்தம்னு குறிச்சிக் குடுக்கணும். முறை அதுதான்" என்றார் என் செயலாளர். நாலாவது தடவையும் தேறாமல், பிறகு சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஐந்தாவது தடவை தேறிய செயலாளர். "வாட்ச் இவங்க தருவாங்க."

உள்ளே போய்ப் பள்ளியின் இன்னொரு ஸ்டாப் வாட்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தேன். எப்படி அமுக்குவது என்று காட்டினேன். நல்ல விரல், சட்டென்று பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சுவருக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். சின்னம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது.